கழித்தால் நாலு

குறுக்குக்கேள்வி என்று சொன்னால்தான் அவரை ஆட்களுக்குத் தெரியும். நீர் வழங்கல் அலுவலகத்தில் இருபத்தாறு வருடமாக மீட்டர் பார்க்கிறவர். “சார், இந்த மாசம் பில்லு ஏன் ஏறிப்போச்சு?” என்று யாராவது வாய்தவறிக் கேட்டுவிட்டால் பதில் வராது, கேள்விதான் வரும். “வீட்டுக்கு விருந்தாளி வந்தாங்களா? எத்தனை நாள் இருந்தாங்க? குழாய்க்கு வாஷர் மாத்தி எத்தனை மாசம் ஆச்சு?” மூன்றாவது கேள்விக்குள் கேட்டவர் திருட்டு முழி முழித்துக்கொண்டு உள்ளே போய்விடுவார்.

மனிதருக்கு ஓர் இடத்தில் இருப்புக் கொள்ளாது. உட்கார்ந்தால் முழங்கால் ஆடும். சாப்பாட்டுக்கு நடுவில் எழுந்து போய்க் கொல்லைக் குழாயை மூடிவிட்டு வருவார். அது ஏற்கெனவே மூடித்தான் இருக்கும்.

மீட்டர் பார்க்கிறவருடைய வேலை என்ன? கழித்தல். இந்த மாத எண்ணிலிருந்து போன மாத எண்ணைக் கழிக்க வேண்டும், அவ்வளவுதான் வித்தை. ஒரு நாளைக்கு நூறு, நூற்றைம்பது தடவை என்று இருபத்தாறு வருடம் கழித்தவருக்கு, இரண்டு எண்கள் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தால் கை அரிக்கும். பஸ்ஸின் நம்பரையும் பின்னால் வருகிற லாரியின் நம்பரையும்கூடக் கழித்துப் பார்ப்பார். எதற்கு என்று கேட்டால் அவருக்கே தெரியாது. அந்தப் பழக்கம்தான் கடைசியில் அவரைப் பிடித்து ஆட்டியது.

மூன்று வருடத்துக்கு முன்னால், பெரிய ஆஸ்பத்திரியும் நீர் அலுவலகமும் சேர்ந்து ஒரு கூட்டம் போட்டார்கள். ஊரில் சிறுநீரக நோய் கூடிக்கொண்டே போகிறது. எந்தக் குழாய்த் தண்ணீரைக் குடிக்கிறவர்களுக்குக் கூடுகிறது என்று பார்க்க, ஆஸ்பத்திரிப் பதிவேட்டையும் தண்ணீர் இணைப்புப் பதிவேட்டையும் இணைக்கப் போகிறோம் என்றார்கள். பேசியது ஆராய்ச்சிக்காரம்மா. முப்பது வயதிருக்கும். மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு, மேஜையெல்லாம் அதைத் தேடுகிற ரகம்.

“யாரும் பயப்பட வேணாம். ரெண்டு ஆபீஸும் பேரையும் முகவரியையும் மட்டும் ஒரு மூணாவது ரூமுக்கு அனுப்பும். அந்த ரூம்ல இருக்கிறவங்களுக்கு ஆள் தெரியும், நோய் தெரியாது. அவங்க பொருத்திப் பாத்துட்டு, பேரையும் கதவு எண்ணையும் கிழிச்சுப் போட்டுட்டு ஒரு குறி மட்டும் போட்டு எங்களுக்குத் தருவாங்க. எங்களுக்கு நோய் தெரியும், ஆள் தெரியாது” என்றார். திரையில் ஒரு மாதிரிப் பட்டியலும் ஓடியது.

பின்வரிசையில் ஆடிக்கொண்டிருந்த முழங்கால் எழுந்து நின்றது. “மூணாவது வரியைக் கொஞ்சம் பெருசாக் காட்டுங்கம்மா. அந்தத் தெருவில அறுபது வயசு தாண்டின ஆம்பளை, ஒண்ணு. சரியா?”

“சரி.”

“அந்தத் தெருவில அறுபது தாண்டின ஆம்பளையே ஒருத்தர்தான். மத்ததெல்லாம் கடையும் கிடங்கும். அவர் வீட்டு மீட்டரை மாசாமாசம் நான்தான் பாக்குறேன். பேரைக் கிழிச்சுப் போட்டீங்க, சரி. ஆளைக் கிழிக்கலையே?”

ஆராய்ச்சிக்காரம்மா கண்ணாடியை இறக்கி மாட்டிக்கொண்டு அவரை ஒரு நிமிடம் பார்த்தார். மறுவாரமே குறுக்குக்கேள்வியைக் கண்காணிப்புக் குழுவில் பொதுமக்கள் பிரதிநிதியாகப் போட்டுவிட்டார்கள். வாயை அடைக்கப் போட்டார்களோ, வாய்க்கு வேலை கொடுக்கப் போட்டார்களோ, அவர் விடவில்லை. இரண்டு விதிகளை எழுத வைத்தார். ஒரு வரியில் ஐந்து பேருக்குக் குறைவாக இருந்தால் எண் போடக் கூடாது, நட்சத்திரக் குறிதான். இரண்டாவது, அச்சில் வருவதைத் தவிர ஒரு எண்ணும் யாருக்கும் பின்வாசல் வழியாகப் போகக் கூடாது, அது இன்ஜினியராக இருந்தாலும் ஆஸ்பத்திரித் தலைவராக இருந்தாலும். இதற்குப் பதிலாக நீர் அலுவலகமும் ஒன்றுக்கு ஒப்புக்கொண்டது. அச்சில் எந்தக் குழாய்க்காவது எண் அளவுக்கு மீறி வந்தால், அந்தக் குழாயைத் தோண்டிச் சோதித்தே ஆக வேண்டும். குழுவில் பார்த்ததை வெளியே சொல்ல மாட்டேன், வீட்டிலும் சொல்ல மாட்டேன் என்று எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். இவர் கொஞ்சம் அழுத்தியே போட்டார்.

இனி வீட்டுக் கதை. அவர் மனைவி பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள். பதினாறு பிள்ளைகள். ஏழு இருபது என்றால் ஏழு இருபதுக்கு வாசலில் ஹார்ன் கேட்கும். கடிகாரத்தைத் திருத்திக்கொள்ளலாம். பதினான்கு மாதத்துக்கு முன்னால் கால் வீங்கியது. ஊரின் மறுகோடியில், தெரிந்தவர் கண்ணில் படாத ஒரு தனியார் டாக்டரிடம் காட்டினார்கள். சிறுநீரகம் பாதிதான் வேலை செய்கிறது என்றார் அவர். வண்டி ஓட்டலாம், அதற்குத் தடையில்லை. மாத்திரை, உப்புக் கட்டுப்பாடு, மூன்று மாதத்துக்கு ஒரு ரத்தப் பரிசோதனை.

“ஒருத்தருக்கும் தெரியக் கூடாது. நோயாளி ஓட்டுற வண்டியில யாரு புள்ளைய ஏத்துவா?” என்று திரும்பும் வழியிலேயே அவள் சொல்லிவிட்டாள். வேறு ஊரில் வேலை பார்க்கிற ஒரே மகளுக்குக்கூடச் சொல்லவில்லை. அவள் போன் செய்தால் குரலை வைத்தே கண்டுபிடித்துவிடுவாள் என்று இரண்டு பேரும் பேச்சைச் சுருக்கிக்கொண்டார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை. மறைத்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

இந்த நிலையில்தான் ஆராய்ச்சியின் முதல் பட்டியல் தயாராகிக் குழுவின் முன்னால் வந்தது. அச்சுக்குப் போக இன்னும் இரண்டு வாரம். காகிதத்தை அறைக்கு வெளியே கொண்டுபோகக் கூடாது, அங்கேயே பார்த்துவிட்டுக் கொடுத்துவிட வேண்டும். பத்துக் குழாய்கள், பத்து வரிகள். ஒன்பதில் எண் இருந்தது. ஏழாம் குழாய்க்கு மட்டும் நட்சத்திரம். ஏழாம் குழாய் என்றால் அவர்கள் சந்து. தனி ஆழ்துளைக் கிணறு, நாற்பத்து மூன்று வீடு. கீழே மொத்தம் அறுபத்தொன்று என்று போட்டிருந்தது.

அவர் வேண்டுமென்று செய்யவில்லை. கண் தானாக ஒன்பது எண்ணையும் கூட்டிவிட்டது. ஐம்பத்தேழு. அறுபத்தொன்றில் ஐம்பத்தேழு போனால் நாலு.

இவ்வளவு படித்தவர்கள் ஒரு மாதமாகப் பார்த்த பட்டியல். வாசலைப் பூட்டிவிட்டுச் சாவியைக் கதவிலேயே தொங்க விட்டிருக்கிறார்கள்! சொல்ல வாயெடுத்தார். அடுத்த நொடி இன்னொரு கணக்கு தானாக ஓடியது. ஆஸ்பத்திரிப் பதிவேட்டில் நாலு. பதிவேட்டில் இல்லாமல் என் வீட்டில் ஒன்று. ஐந்து. நாற்பத்து மூன்று வீட்டுக்கு ஐந்து பேர். அப்படியானால் அவளை அரிப்பது வயதோ விதியோ இல்லை, கொல்லைக் குழாய். இருபது வருடமாக அவர் தினமும் எழுந்து போய் மூடிவிட்டு வந்த குழாய். அன்றைக்குக் காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தபோது வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை.

அந்த இரண்டு வாரம் அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை என்று சொல்ல முடியாது. கால் ஓடிக்கொண்டேதான் இருந்தது. அலுவலகத்துக் குழாய் வேறு குழாய் என்பதால் தினமும் அங்கிருந்து இரண்டு கேன் பிடித்து சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தார். இன்ஜினியரிடம் பொதுவாகப் பேச்சுக் கொடுத்தார். “எங்க சந்துத் தண்ணியைச் சோதிச்சா என்ன சார்?” புகார் இருக்கிறதா, கலங்கி வருகிறதா, நாறுகிறதா என்று இன்ஜினியர் வரிசையாகக் கேட்டார். எதுவும் இல்லை. காரணம் இல்லாமல் தோண்ட முடியாது என்றார். குறுக்குக்கேள்விக்கே குறுக்குக்கேள்வி.

பேசாமல் இருந்துவிட்டால் என்ன என்றும் ஒரு நினைப்பு வந்தது. பட்டியல் அப்படியே அச்சாகட்டும். எவனாவது பத்திரிகைக்காரன் கழித்துப் பார்ப்பான், சந்தி சிரிக்கும், குழாயைத் தோண்டுவார்கள். ஆனால் தோண்டுவதற்கு முன்னால் சந்தில் என்ன நடக்கும்? யார் அந்த நாலு பேர் என்று நாற்பத்து மூன்று வீடும் தோண்டும். மற்றவர்களை ஏன் சொல்ல வேண்டும்? அவரே ஆரம்பித்துவிட்டாரே. மீட்டர் பார்க்கப் போன இடத்தில் தையல்காரரின் கணுக்காலைப் பார்த்தார், வீக்கமா என்று. எதிர்வீட்டு மாமாவின் ஜன்னலில் மாத்திரை அட்டை கிடந்ததை உற்றுப் பார்த்தார். “என்ன சார், என் வீட்டு மீட்டர் ஜன்னல்லயா இருக்கு?” என்று மாமா கேட்டதும் உடம்பு கூசிவிட்டது. வேலியே பயிரை மேய்கிறது என்று தன்னையே திட்டிக்கொண்டு வந்தார்.

அடுத்த கூட்டத்தில் சொல்லிவிட்டார். “மொத்தத்தில இருந்து மத்ததைக் கழிச்சா நட்சத்திரம் என்னன்னு தெரிஞ்சுடுதும்மா.”

ஆராய்ச்சிக்காரம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. கண்ணாடி நெற்றியிலிருந்து தானாக மூக்குக்கு வந்து விழுந்தது. அங்கேயே இன்னொரு வரிக்கும் நட்சத்திரம் போட்டார்கள். இனி யார் கழித்தாலும் ஒன்றும் தேறாது. எல்லோரும் அவரைப் பாராட்டினார்கள். அவருக்குத் தன் வீட்டுக் கதவைத் தானே வெளியிலிருந்து பூட்டிய மாதிரி இருந்தது.

கூட்டம் கலைந்த பிறகு தனியாகக் கேட்டார். “ஏழாம் குழாயைப் பக்கத்துத் தெருவோட சேத்துக் காட்ட முடியாதா?”

“அது வேற கிணறு சார். சேத்தா கடல்ல கரைச்ச பெருங்காயம்தான்.”

“இன்ஜினியர் காதுல மட்டும் லேசா...”

“நீங்க எழுதின ரெண்டாவது விதி சார்” என்றார் அந்தப் பெண். குத்திக் காட்டவில்லை, வருத்தத்தோடுதான் சொன்னார். “ரெண்டு மாசத்துல புதுப் பதிவுகளை எடுத்து மறுபடி இணைப்போம். எந்த வரியா இருந்தாலும் அஞ்சு ஆனா தானா வெளிய வந்துடும்.”

தான் வெட்டிய குழியில் தானே விழுந்தவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். ஏறி மிதிக்க மனம் வரவில்லை.

அவள் சாயங்காலம் பிள்ளைகளை இறக்கிவிட்டு வந்து வேனைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கேனை இறக்குகிறவரைப் பார்த்துத் துணியை வாளியில் போட்டாள்.

“உங்களுக்கு என்ன ஆச்சு? ரெண்டு வாரமா நம்ம தண்ணிய வாயில வைக்க விட மாட்டேங்கறீங்க.”

“ருசி சரியில்ல.”

“இருபது வருஷமா குடிச்ச தண்ணிக்கு இப்பத்தான் ருசி தெரிஞ்சுதாக்கும்? உக்காருங்க. எந்திரிக்காதீங்க, குழாய் மூடித்தான் இருக்கு. நீங்க கையெழுத்து போட்டிருக்கீங்க, சொல்ல முடியாது, தெரியும். நான் கேக்குறேன். நீங்க பேசாம இருந்தாப் போதும்.”

வேன் படியில் உட்கார்ந்தார்.

“கமிட்டியில நம்ம சந்து வந்துச்சா?”

கல்லுளிமங்கன் மாதிரி வாயை இறுக்கிக்கொண்டார். முழங்கால் தடதடவென்று ஆடியது.

“எனக்கு மட்டும் இல்ல. சந்துல இன்னும் ஆள் இருக்கு. அப்படித்தானே?”

முழங்கால் நின்றுவிட்டது. முப்பது வருடத்தில் அந்தக் கால் நின்று அவள் பார்த்ததில்லை. ஆடியிருந்தால்கூட அவளுக்குச் சந்தேகம் இருந்திருக்கும்.

அவளுக்குக் கோபம் வந்தது. “நான் அந்த ஆஸ்பத்திரியில போய்ப் பதிஞ்சா உங்களுக்கு ஒரு ஆள் கூடும். என் உடம்பு உங்க கமிட்டிக்கு ஒரு நம்பரு.”

“நான் உன்னை ஒண்ணும் கேக்கலையே.”

“கேக்காம கேக்குறீங்க பாருங்க, அதுதான் எரியுது! வாயைத் திறந்து கேட்டிருந்தா முடியாதுன்னு சொல்லிட்டுப் போயிருப்பேன்.”

“வேணாம். நீ பதிய வேணாம். நான் சாகுற வரைக்கும் கேன் தூக்குறேன்.”

“சந்து முழுசுக்கும் தூக்குவீங்களா?” என்றாள். அவள் வேனுக்குள் ஏறி, இருக்கைக்கு அடியில் யாரோ பிள்ளை மறந்துவிட்டுப் போன தண்ணீர் பாட்டிலை எடுத்தாள். “நம்ம சந்துல இருந்து மூணு புள்ளைங்க வருதுங்க. வீட்டுக் குழாயிலதான் நிரப்பிட்டு வருதுங்க” என்றாள், அவரிடம் இல்லை, பாட்டிலிடம். மூடியைத் திறந்து சாக்கடையில் கவிழ்த்தாள்.

நாலாம் நாள் மத்தியானம் ஒரு மஞ்சள் ஃபைலை அவர் மடியில் போட்டாள். பெரிய ஆஸ்பத்திரி, சிறுநீரகப் பிரிவு. “பதிஞ்சாச்சு. போதுமா?”

அவருக்கு அழுகையே வந்துவிட்டது. ஃபைலைத் திருப்பி முதல் பக்கத்தைப் பார்த்தார். பெயர் சரி, வயது சரி. முகவரி, அவள் அக்கா வீட்டு முகவரி. ஊரின் மறுபக்கம், மூன்றாம் குழாய்.

“நம்ம அட்ரஸ் குடுத்தா நாளைக்கே சந்துக்குத் தெரிஞ்சுடும். அதான் அக்கா அட்ரஸ் குடுத்தேன்” என்றாள். சாமர்த்தியமாகத்தான் செய்திருக்கிறோம் என்ற நினைப்பு முகத்தில் தெரிந்தது.

அவருக்குச் சிரிப்பு வந்தது, பிறகு சிரிப்பு எங்கேயோ போய்விட்டது. மூன்றாம் குழாய்க்கு ஓர் ஆள் கூடிவிட்டது. அங்கே ஒரு தப்பும் இல்லாத தண்ணீருக்குப் பழி. எழுந்தார், கொல்லைக்குப் போனார், குழாயை மூடினார், திரும்பி வந்தார், மறுபடி போனார்.

“என்ன? இதுவும் சரியில்லையா?” அவள் அவர் பின்னாலேயே வந்தாள். “அட்ரஸா? அட்ரஸ வச்சுத்தான் எந்தத் தண்ணின்னு சேப்பீங்களா?”

“அதைச் சொல்லலாம். அது ஆஸ்பத்திரிச் சுவத்துலயே ஒட்டியிருக்கு. அட்ரஸ வச்சுத்தான்.”

அவள் குழாயடியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். “எனக்குப் பயமா இருக்குங்க. இந்த வண்டியும் போயிட்டா நான் வீட்டுல உக்காந்து என்ன பண்ணுவேன்?”

“எனக்கும்தான் பயமா இருக்கு. நீ போயிட்டா நான் என்ன பண்ணுவேன்?” என்றார். இத்தனை மாதத்தில் அவர்கள் இதைச் சொல்லிக்கொண்டது அதுதான் முதல் தடவை.

மறுநாள் பிள்ளைகளை இறக்கிவிட்டு நேராக ஆஸ்பத்திரிக்கு வேனைத் திருப்பினாள். அவரும் கூட வந்தார். பதிவுக் கவுண்டரில் நீண்ட வரிசை. கண்ணாடித் தடுப்பில் கை நுழையும் அளவுக்கு ஒரு ஓட்டை, அந்தப் பக்கம் ஒரு குமாஸ்தா, தலைக்கு மேல் கடகடவென்று மின்விசிறி. வருகிறவர்கள் கத்தினால்தான் அவருக்குக் கேட்கும். அவர் கத்துவதோ வராந்தா முழுக்கக் கேட்கும்.

அவள் முறை வருவதற்கு இரண்டு பேர் இருக்கும்போது பின்னால் திரும்பிப் பார்த்தாள். முகம் செத்துவிட்டது. நேர் பின்னால் நின்றது அவர்கள் சந்து மாடிவீட்டுக்காரி. அவளுடைய இரண்டு பிள்ளைகள் இந்த வேனில்தான் வருகின்றன. அன்று காலை ஏழு இருபதுக்கு அவளே கொண்டுவந்து ஏற்றிவிட்டாள். இவர்களைப் பார்த்ததும் கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு சுவரில் ஒட்டியிருந்த அறிவிப்பைப் படிக்க ஆரம்பித்தாள்.

“போயிடலாமா? இன்னொரு நாள் வரலாம்” என்றார் அவர், காதோரமாக.

அவள் முறை வந்தது. ஓட்டையில் குனிந்தாள். “அட்ரஸ் மாத்தணும்.”

“சத்தமாச் சொல்லுங்கம்மா!”

அவள் நிமிர்ந்தாள். சந்தின் பெயரைச் சொன்னாள். கதவு எண்ணைச் சொன்னாள். வேன் ஹார்ன் மாதிரி கேட்டது.

“எந்தப் பிரிவு ஃபைலு?”

“சிறுநீரகம்.”

“ஆராய்ச்சிக்கு உங்க விவரம் போகலாமா, வேணாமா? வேணாம்னா இங்க டிக் போடணும்.”

“போகட்டும்” என்றாள்.

ஃபைலை வாங்கிக்கொண்டு திரும்பியவள், மாடிவீட்டுக்காரியின் முகத்தை நேராகப் பார்த்தாள். “எனக்குத்தான் உடம்பு சரியில்ல. வண்டி ஓட்டலாம்னு டாக்டர் எழுதிக் குடுத்திருக்காரு. நாளைக்குப் புள்ளைங்கள அனுப்புவீங்களா, மாட்டீங்களா? இப்பவே சொல்லிடுங்க.”

மாடிவீட்டுக்காரி உதட்டைக் கடித்துக்கொண்டு கைப்பையின் ஜிப்பைத் திறந்தாள். உள்ளே நாலாக மடித்துத் திணித்திருந்த மஞ்சள் ஃபைலை வெளியே எடுத்து நீவினாள். இவர்களைத் தாண்டிப் போய் ஓட்டையில் குனிந்தாள்.

“எனக்கும் அட்ரஸ் மாத்தணும். எங்க அம்மா வீட்டு அட்ரஸக் குடுத்திருந்தேன். இப்பச் சொன்னாங்களே, அதே சந்துதான்.”

“கதவு எண்ணைச் சத்தமாச் சொல்லுங்க!” என்று குமாஸ்தா கத்தினார்.

குறுக்குக்கேள்விக்கு அந்தக் கதவு எண் மனப்பாடம். அந்த வீட்டு மீட்டரின் போன மாத எண்கூட மனப்பாடம். இருந்தாலும் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு, மாடிவீட்டுக்காரி சொல்வது காதில் விழாத தூரத்துக்கு விறுவிறுவென்று நடந்தார்.